பழுதுக்குறி படிப்பான்

பழுதுக்குறி படிப்பான் என்பது, தானுந்தின் கட்டுப்பாட்டுக் கணினி தன் நினைவகத்தில் பதிந்து வைத்துள்ள பழுதுக்குறிகளைப் படித்துக் காட்டும் சிறு மின்னணுக் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது கோட் ரீடர் என்றும் ஸ்கேனர் என்றும் அழைக்கப்படுகிறது. ஓட்டுநர் முன்னுள்ள முகப்புப் பலகையில் பொறி வடிவிலான மஞ்சள் விளக்கு எரியும்போது, அதன் காரணத்தைத் தேடுவதற்கான முதல் துப்பு இக்கருவியிலிருந்தே கிடைக்கிறது. சுமார் 20 அமெரிக்க டாலருக்குக் கிடைக்கும் எளிய கருவிகளும் உண்டு. தொழிற்கூடங்கள் பயன்படுத்தும் பல ஆயிரம் டாலர் கருவிகளும் உண்டு.

எந்த உதிரிப்பாகத்தை மாற்ற வேண்டும் என்பதை எந்தக் கருவியும் நேரடியாகச் சொல்வதில்லை. எந்த மின்சுற்றில் அல்லது எந்த அளவீட்டில் கணினி முறைகேட்டைக் கண்டது என்பதை மட்டுமே குறி தெரிவிக்கிறது. தம் காரைத் தாமே பேணுவோர் இதை அறியாமல் கருவி வாங்கும்போது, கருவியின் விலையைக் காட்டிலும் பன்மடங்கு பணத்தைத் தேவையற்ற உதிரிப்பாகங்களில் இழப்பது வழக்கம்.

வரலாறு

பொறிகளைக் கணினி கட்டுப்படுத்தத் தொடங்கியபின், ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு செருகுவாயையும் குறிமுறையையும் வைத்திருந்தது. 1980களின் செனரல் மோட்டார்சு கார்கள் பலவற்றில், செருகுவாயின் இரு முனைகளைச் சிறு கம்பியால் இணைத்தால் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னும். அதை எண்ணி, கையேட்டைப் பார்த்துப் பழுதை அறிய வேண்டும். காகிதக் கவ்வி ஒன்றே அக்காலத்தின் மலிவான பழுதுக்குறி படிப்பானாக இருந்தது எனலாம்.

காற்று மாசைக் கட்டுப்படுத்தும் நோக்கில் கலிபோர்னியா மாநிலம் 1988ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து தன்னாய்வு வசதியைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத்தில் 1990இல் செய்யப்பட்ட திருத்தங்களைத் தொடர்ந்து, 1996ஆம் ஆண்டு மாதிரி முதல் அந்நாட்டில் விற்கப்படும் எல்லாக் கார்களிலும் ஓபிடி-2 என்னும் பொது முறை நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் கார்களுக்கு 2001இலும், டீசல் கார்களுக்கு 2004இலும் இதையொத்த முறை கட்டாயமானது. இந்தியாவில் இதன் முதற்கட்டம் 2010 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் தொடங்கின. இம்முறை மாசுக் கட்டுப்பாட்டிற்காக உருவானதே அன்றி, பழுது பார்ப்போரின் வசதிக்காக உருவானதன்று. எல்லா நிறுவனக் கார்களையும் ஒரே மலிவான கருவியால் படிக்க முடிவது அதன் பக்க விளைவே.

செருகுவாயும் தொடர்பு நெறிமுறைகளும்

ஓபிடி-2 செருகுவாய் 16 முனைகள் கொண்டது. பெரும்பாலும் இது சுக்கானுக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே அமைந்திருக்கும். 16ஆம் முனையில் மின்கலத்தின் மின்சாரம் எப்போதும் இருப்பதால், எளிய கருவிகளுக்குத் தனி மின்கலம் தேவைப்படுவதில்லை.

செருகுவாய் ஒன்றாயினும் அதன் வழியே பேசப்படும் நெறிமுறைகள் ஐந்து. பழைய ஃபோர்டு கார்களும் செனரல் மோட்டார்சு கார்களும் ஜே1850 நெறிமுறையின் இருவேறு வடிவங்களைப் பயன்படுத்தின; கிரைசுலர் கார்களும் ஐரோப்பிய, ஆசியக் கார்களில் பலவும் ஐஎஸ்ஓ நெறிமுறைகளைப் பயன்படுத்தின. 2008ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் அனைத்திலும் கேன் எனப்படும் நெறிமுறை கட்டாயமானது. ஆகவே புதிய கார் வைத்திருப்பவர் இது குறித்துக் கவலைப்பட வேண்டியதில்லை. பழைய கார் வைத்திருப்பவர் மட்டும், ஐந்து நெறிமுறைகளையும் கருவி ஏற்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். செருகுவாயில் எந்த முனைகளில் உலோகம் உள்ளது என்பதைக் கொண்டும் நெறிமுறையை ஊகிக்கலாம்: 6, 14 ஆகியவை கேன்; 7 ஐஎஸ்ஓ; 2 ஜே1850.

குறியின் அமைப்பு

குறி ஐந்து எழுத்துருக்களால் ஆனது. முதலெழுத்து அமைப்பைக் குறிக்கும்: பொறி, பல்லிணைப்பெட்டி ஆகியவற்றுக்குப் பி, தடை, சக்கரங்கள் போன்றவற்றுக்குச் சி, காற்றுப்பை முதலிய உடற்பகுதிக்குப் பி எனவே ஒலிக்கும் ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து, கணினிகளுக்கு இடையேயான தொடர்புக்கு யூ. அடுத்த இலக்கம் 0 எனில் அக்குறி எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது; 1 எனில் அந்நிறுவனத்துக்கே உரியது. பொறி சார்ந்த பொதுக் குறிகளில் மூன்றாம் இடத்தில் வரும் 1, 2 ஆகியவை எரிபொருள்-காற்று அளவையும், 3 எரிபற்றலையும், 4 மாசுக் கட்டுப்பாட்டையும் சுட்டும். எடுத்துக்காட்டாக, பி0301 என்பது முதல் உருளையில் எரிபற்றல் தவறுகிறது என்று பொருள்படும்.

குறியும் காரணமும்

பி0171 என்னும் குறி, கலவையில் எரிபொருள் குறைவு எனப் பொருள்படும். ஆக்சிசன் உணரி அனுப்பிய செய்தியை வைத்தே கணினி இதை அறிவதால், அவ்வுணரியைத்தான் பலரும் முதலில் மாற்றுகின்றனர். பெரும்பாலும் உணரி உண்மையைத்தான் சொல்லியிருக்கும். உண்மைக் காரணத்தை அறிய உதவுவது எரிபொருள் திருத்த விழுக்காடு என்னும் அளவீடு ஆகும். கலவையைச் சரிசெய்யக் கணினி எவ்வளவு எரிபொருளைக் கூட்டியோ குறைத்தோ தருகிறது என்பதை இது காட்டும். பொறி வெறுமனே இயங்கும்போது திருத்தம் +20 விழுக்காடாகவும், நிமிடத்திற்கு 2500 சுற்றுகளில் சுழிக்கு அருகிலும் இருந்தால், உட்கொள் குழாயிலோ அதன் இரப்பர்க் குழல்களிலோ வெளிக்காற்று கசிந்து நுழைகிறது என்று ஐயுறலாம். கசிவின் அளவு ஏறத்தாழ மாறாதிருக்க, பொறி உள்ளிழுக்கும் மொத்தக் காற்று வேகத்தில் மிகுவதால் அதன் விளைவு குறைந்துவிடுகிறது. மாறாக, வேகமும் சுமையும் கூடக்கூடத் திருத்தமும் கூடினால், எரிபொருள் எக்கி, வடிகட்டி, அல்லது அழுக்கேறிய காற்றளவு உணரி ஆகியவற்றை ஆராய வேண்டும். முதல் வகைப் பழுது சில டாலர் மதிப்புள்ள இரப்பர்க் குழலால் தீரக்கூடியது. குறியை மட்டும் காட்டும் கருவியால் இவ்வேறுபாட்டை அறிய இயலாது.

பி0420 இன்னும் அதிகப் பணம் சார்ந்தது. வினையூக்கி மாற்றியின் திறன் வரம்புக்குக் கீழே உள்ளது என்பது இதன் பொருள். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலைமிக்க உலோகங்கள் கொண்டதால் மாற்றியின் விலை பெரிது. நல்ல நிலையில், மாற்றிக்கு முன்னுள்ள ஆக்சிசன் உணரியின் மின்னழுத்தம் விரைந்து ஏறியிறங்க, பின்னுள்ளதன் மின்னழுத்தம் ஏறத்தாழ நிலையாக இருக்கும். இரண்டும் ஒருசேர ஏறியிறங்கினால் மாற்றி செயலிழந்திருக்கக்கூடும். எனினும் புகைக்குழாயில் ஒரு சிறு கசிவும் இதே தோற்றத்தைத் தரலாம் என்பதால், அதைச் சரிபார்த்த பின்னரே மாற்றியை வாங்குவது முறை.

எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னுமாயின் நிலைமை வேறு. எரியாத எரிபொருள் மாற்றிக்குள் சென்று எரிந்து அதைச் சிதைத்துக் கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். அப்போது வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதே தகும். குறியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

மேற்கண்ட காரணங்களால், குறியைப் படித்து அழிக்க மட்டும் வல்ல மிக மலிவான கருவியை விட, நிகழ்நேர அளவீடுகளையும் காட்டும் கருவியே வீட்டுப் பயன்பாட்டுக்கு ஏற்றது. விலை வேறுபாடு பெரிதன்று; 20 முதல் 50 டாலருக்குள் இவ்வசதி கிடைக்கிறது. குறி பதிவான நொடியில் பொறியின் வேகம், வெப்பநிலை, சுமை ஆகியவை எவ்வாறிருந்தன என்பதைக் காட்டும் உறைநிலைப் பதிவும் தேவை. பல பழுதுகள் அடுத்தடுத்த இரு பயணங்களில் தோன்றினால் மட்டுமே விளக்கை எரியச் செய்யும்; முதல் பயணத்திலேயே பதிவாகும் நிலுவைக் குறியைக் காட்டும் கருவி, பழுது நீங்கியதா என்று சோதிக்கவும் உதவும்.

தடைப்பூட்டுத் தடுப்பு, காற்றுப்பை ஆகியவற்றின் குறிகளை ஓபிடி-2 பொதுமுறை கட்டாயமாக்கவில்லை. எனவே அவ்விளக்குகள் எரியும்போது எளிய கருவி எதையும் காட்டாது. இவற்றைப் படிக்கும் கருவிகளின் விலை கூடுதல். வாங்கும் முன் குறிப்பிட்ட கார் மாதிரிக்கு அது பொருந்துமா என்று உறுதி செய்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படுவோர் கருவியே வாங்காதிருக்கலாம்: அமெரிக்காவில் சில உதிரிப்பாகக் கடைத்தொடர்கள் குறியைக் கட்டணமின்றிப் படித்துத் தருகின்றன.

கையடக்கக் கருவிக்கு மாற்றாக, செருகுவாயில் பொருத்தி கைபேசியுடன் இணைக்கும் சிறு செருகிகளும் உள்ளன. இவற்றுள் பல, எல்ம் எலக்ட்ரானிக்சு என்னும் கனடிய நிறுவனம் உருவாக்கிய எல்ம்327 சில்லை அடியொற்றியவை. அச்சில்லின் முதல் பதிப்பில் நகலெடுப்பைத் தடுக்கும் காப்பு இல்லாததால் போலிகள் பெருகின. மூல நிறுவனம் 2022இல் மூடப்பட்டது. தாம் நிறைவேற்றாத கட்டளைகளையும் ஏற்பதாகக் கூறும் போலிகள் சில உள்ளன. அவை சில கார்களுடன் தொடர்பு கொள்ளத் தவறும். பழைய வகைப் புளூடூத் செருகிகள் ஆண்ட்ராய்டு கைபேசிகளுடன் மட்டுமே இயங்குவதால், ஐபோன் வைத்திருப்போர் வை-ஃபை அல்லது குறையாற்றல் புளூடூத் வகையைத் தேர வேண்டும்.

குறியை அழித்தல்

குறியை அழிப்பதால் பழுது நீங்குவதில்லை. விளக்கு அணைவதுடன், உறைநிலைப் பதிவும் அழிந்துவிடும். கணினி தன் சோதனைகளை முடித்ததைக் காட்டும் ஆயத்த நிலைப் பதிவுகளும் தொடக்க நிலைக்குத் திரும்பும். எனவே அழிக்கும் முன் அனைத்தையும் எழுதி வைத்துக்கொள்வது நன்று. மாசுச் சோதனைக்கு முந்தைய நாள் குறியை அழித்துச் செல்வோர், சோதனைகள் முடிவடையாத நிலை கண்டறியப்பட்டுத் திருப்பி அனுப்பப்படுவதுண்டு. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு மாதிரி முதல் படிப்படியாகச் சேர்க்கப்பட்ட நிலைக்குறிகளைக் கருவியால் அழிக்கவே முடியாது. பழுது உண்மையில் நீங்கியதைக் கணினி தானே சோதித்தறிந்த பின்னரே அவை மறையும்.

பழைய காரொன்றை வாங்குவோருக்கும் இது பயன்படும். விளக்கு எரியாதிருந்தும் ஆயத்த நிலைகள் பல முடிவடையாமல் இருந்தால், அண்மையில் மின்கலம் கழற்றப்பட்டிருக்கலாம், அல்லது குறிகள் அழிக்கப்பட்டிருக்கலாம்.

பாதுகாப்பு

செருகிகளை நிலையாகப் பொருத்தி வைத்தல் உகந்ததன்று. நிறுத்தி வைக்கப்பட்ட காரின் மின்கலத்தை அவை மெல்லக் கரைக்கும். கம்பியற்ற தொடர்புள்ள செருகிகளால் வேறு இடரும் உண்டு. 2015இல் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செருகுவாயில் பொருத்தப்பட்ட கண்காணிப்புச் செருகி ஒன்றுக்குக் குறுஞ்செய்திகள் அனுப்பி, கார்வெட் காரொன்றின் தடைகளை இயக்கவும் முடக்கவும் முடியும் என்று செய்து காட்டினர். 2018 முதல் சில நிறுவனங்கள் செருகுவாய்க்கும் உள்வலைக்கும் இடையே பாதுகாப்பு வாயில் ஒன்றை அமைத்துள்ளன. அத்தகைய கார்களில் பதிவு பெறாத கருவிகளால் குறிகளைப் படிக்க முடிந்தாலும், சிலவற்றை அழிக்க இயலாமற்போகலாம்.