மானோலித்தும் மானுமென்ட்டும்

நடுவர் அவர்களே! எதிரணியில் பேசிய தங்கை ரொம்ப அழகாப் பேசினாங்க. ஆனா, "மாமல்லபுரத்துல இருக்கிறதெல்லாம் மானோலித்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். கடற்கரைக் கோயிலையும் சேர்த்து!

செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் பதில் கண்முன்னால் நிற்கிறது. ஐந்து ரதங்களைப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பி பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்தான். ஒட்டு கிடையாது, அடுக்கு கிடையாது. அதுதான் மானோலித். கிரேக்கத்தில் 'மோனோஸ்' என்றால் ஒன்று, 'லித்தோஸ்' என்றால் கல். நம்ம பாஷையில ஒற்றைக்கல். கடற்கரைக் கோயிலோ, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கல்லை வெட்டி அடுக்கிக் கட்டியது. அது மானுமென்ட், மானோலித் இல்லை.

'மானு'வும் அந்த 'மோனோ'தானே என்பீர்கள். இல்லைங்க, பிறந்த வீடே வேறு. லத்தீனில் 'மொனேரே' என்றால் நினைவூட்டு, எச்சரி என்று பொருள். 2004 சுனாமி, சாளுவன்குப்பத்துப் பாறையில் இருந்த கல்வெட்டுகளை வெளியே காட்டியது. அவை ஒரு முருகன் கோயிலைப் பற்றிப் பேசின. அதைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறை தோண்டியதில், 2005-ல் கோயிலே கிடைத்தது. அடியில் பார்த்தால் செங்கல்! ஒற்றைக்கல்லுக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனா, மறந்துபோன ஊருக்கு நினைவூட்டுகிறதே, அதனால் மானுமென்ட்.

"சரிய்யா, வார்த்தை மாறினா குடியா முழுகிப்போயிடும்?"

மாமல்லபுரத்தில் வீடு வைத்திருப்பவரைக் கேளுங்கள். பழமையான மானுமென்ட் எது என்று சொல்லும் 1958-ஆம் வருடத்துச் சட்டம், குகை, பாறைச் சிற்பம், கல்வெட்டு இவற்றோடு மானோலித்தையும் சேர்க்கிறது. ஆனா நூறு வருஷமாவது ஆகியிருக்கணும். வரலாறு, தொல்லியல், கலை ஏதாவது ஒன்றில் மதிப்பு இருக்கணும். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று மத்திய அரசு அறிவித்துவிட்டால், 2010 திருத்தத்தின்படி சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டணும். மகள் கல்யாணத்துக்குள்ளே மாடியில் ஓர் அறை போட நினைத்தவர், செங்கல்லை இறக்கிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்.

ஊருக்கு வெளியே ஒரு சிற்பக்கூடத்தில், போன வாரம் ஒரே கல்லில் செய்து முடித்த பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். அவரும் மானோலித்தான். அவருக்காக யாரும் 100 மீட்டர் அளக்க மாட்டார்கள். மானுமென்ட் ஆகணும்னா அவர் இன்னும் நூறு வருஷம் காத்திருக்கணும், நடுவர் அவர்களே!