உறைந்த தொட்டியும் வெந்நீர் வாளியும்

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்துக்குக் குளிர்காலத்தில் போகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்கிறது. அந்தக் குட்டைக் குதிரைகளை இப்படி வெட்டவெளியில் விட்டிருக்கிறார்களே, பாவமில்லையா?" முதுகு மேல் இரண்டு விரற்கடைக்குப் பனி படிந்திருக்கும். காற்று வரும் பக்கம் வாலைக் காட்டியபடி குதிரை அசையாமல் நிற்கும். பார்க்கப் பரிதாபமாகத்தான் இருக்கும். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன். அந்த முதுகில் பனி உருகாமல் கிடக்கிறதே, அதுதான் நல்ல அறிகுறி. உடம்புச் சூடு வெளியே கசிந்திருந்தால் பனி உருகி ஒழுகியிருக்கும்.

ஷெட்லாந்து மட்டக்குதிரைக்குச் சொந்த ஊர் ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலில் கிடக்கும் ஷெட்லாந்துத் தீவுகள். மரம் அரிது, காற்றுக்குத் தடையே கிடையாது. இனப் பதிவு விதிப்படி உயரம் 42 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. எடை ஏறக்குறைய 200 கிலோ. குட்டைக் கால், சின்னக் காது, கண்ணை மறைக்கும் பிடரி மயிர் எல்லாமே சூட்டை வெளியே விடாமல் காக்க அமைந்தவை. புல் தீர்ந்துபோன நாட்களில் கரைக்கு இறங்கிக் கடற்பாசி தின்று பிழைத்த பரம்பரை அது.

குளிர் வந்த பிறகு இதன் உடம்பில் மயிர் முளைக்கத் தொடங்குவதில்லை. கோடையின் கடைசியில் பகல் குறுகிவரும்போதே உடம்பு கணக்குப் போட்டுவிடுகிறது. உள்ளே மெத்தென்ற குட்டை மயிர், வெளியே எண்ணெய்ப் பசையுள்ள நீண்ட மயிர் என்று இரண்டு அடுக்கு. குளிர் ஏறும்போது ஒவ்வொரு மயிரும் சிலிர்த்து நிமிரும். இடையில் காற்று சிக்கிக்கொள்ளும். அந்தக் காற்றுதான் போர்வை. குளிருக்குப் பழகிய, வயிறு நிறைந்த, நனையாத குதிரை ஏறத்தாழ மைனஸ் 15 டிகிரி வரை கூடுதல் தீனி இல்லாமலே தாக்குப்பிடிக்கும். அன்பு மிகுதியால் துணிப்போர்வை மாட்டிவிடுகிறவர்கள் நிமிர்ந்த மயிரை அழுத்திக் காற்றை வெளியேற்றிவிடுகிறார்கள். கிழக் குதிரை, மெலிந்தது, நோயாளி, மயிர் கத்தரித்தது, இவற்றுக்குப் போர்வை கட்டாயம் வேண்டும். நல்ல உடம்போடு இருக்கும் ஷெட்லாந்துக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆனால் குளிர் அங்கே விளையாட்டுக் காரியமில்லை. 1982 ஜனவரி 10 அன்று பிரேமார் என்ற ஊரில் மைனஸ் 27.2 டிகிரி பதிவானது. 1995 டிசம்பர் 30 அன்று அல்ட்னஹாராவிலும் அதே அளவு. பிரிட்டன் முழுமைக்கும் 2010 டிசம்பர் நூறாண்டுகளில் மிகக் கடுமையான டிசம்பராக இருந்தது. அப்படியிருந்தும் அனுபவமுள்ள பண்ணைக்காரர் இந்த எண்களைக் கண்டு அஞ்சுவதைவிட, வெறும் 3 டிகிரியில் காற்றோடு விடாமல் பெய்யும் மழைக்குத்தான் அதிகம் அஞ்சுவார். ஈரம் தோல் வரை இறங்கினால் சிலிர்த்த மயிர் படிந்துபோகும். சிக்கிய காற்றும் போய்விடும். அதன்பின் குதிரை நடுங்கத் தொடங்கும். ஆகவே மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்த கொட்டகை ஒன்று போதும், காற்றடிக்கும் திசைக்கு முதுகைக் காட்டியபடி அது நிற்க வேண்டும். நாலு பக்கமும் அடைத்துப் பூட்டிய லாயத்தில் மூத்திர நெடி தேங்கி நுரையீரலைக் கெடுக்கும்.

குளிர்காலப் பராமரிப்பில் பாதிக்கு மேல் தண்ணீர் வேலைதான். படக்கூடாத இடத்தில் படாமல் தடுப்பது ஒன்று, குடிக்க வேண்டிய இடத்தில் உறையாமல் வைத்திருப்பது இன்னொன்று. டிசம்பர் கடைசியில் இன்வர்னெஸ் பக்கம் சூரியன் எழவே காலை ஒன்பது மணி ஆகும். மாலை மூன்றரைக்கெல்லாம் மறைந்துவிடும். ஆக, காலை வேலை இருட்டில், நெற்றியில் கட்டிய விளக்கோடு. முதலில் தண்ணீர்த் தொட்டி. மரச்சுத்தியால் ஓரத்தில் தட்டிப் பனிக்கட்டியை உடைக்க வேண்டும். பலர் அதோடு விட்டுவிடுவார்கள். உடைத்த துண்டுகள் தண்ணீரிலேயே மிதந்தால் சீக்கிரமே ஒன்றோடொன்று ஒட்டி மறுபடி மூடிவிடும். துளையுள்ள கரண்டியாலோ சல்லடையாலோ அள்ளி வெளியே, தொட்டியிலிருந்து தள்ளிக் கொட்ட வேண்டும். காலடியில் கொட்டினால் அடுத்த நாள் குதிரையும் வழுக்கும், ஆளும் வழுக்கும். குழாயே உறைந்துவிட்டால் சமையலறையிலிருந்து வாளி வாளியாகச் சுமப்பதைத் தவிர வழியில்லை.

இவ்வளவு பாடு எதற்கு, பனியை நக்கித் தின்னாதா என்று கேட்பீர்கள். கோடையில் பச்சைப் புல்லில் எண்பது சதவிகிதம் தண்ணீர். மேய்ந்தாலே பாதித் தாகம் தீர்ந்துவிடும். குளிர்காலத்தில் தின்பது காய்ந்த புல். அதில் தண்ணீர் பதினைந்து சதவிகிதம்கூடத் தேறாது. தேவை கூடும் அதே நேரத்தில், பல்லைக் கூசவைக்கும் தண்ணீரைக் குதிரை குறைத்துக் குடிக்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் மட்டக்குதிரைகளை வைத்துச் செய்த ஆய்வில், குளிர்நாட்களில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தபோது அவை கணிசமாகக் கூடுதலாகக் குடித்ததைக் கண்டார்கள். குடிப்பது குறைந்தால் குடலில் தீனி காய்ந்து இறுகி அடைத்துக்கொள்ளும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. அடைப்பு முற்றினால் உயிரே போகும். பனியைத் தின்றால் அதை உருக்க உடம்புச் சூடு செலவாகும், தேவையான அளவு தண்ணீரும் கிடைக்காது. கொதிக்கவைத்த ஒரு கெட்டில் வெந்நீரை வாளித் தண்ணீரில் கலந்து காலை மாலை இருவேளை கொண்டுபோய் வைப்பது விலையுயர்ந்த எந்த மருந்தையும்விட மேல். காலையில் லத்தியைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்: உருண்டை ஈரமாக, தரையில் விழுந்ததும் உடைந்தால் சரி, சிறுத்து, இறுகி, மேலே சளி படிந்திருந்தால் உடனே கவனிக்க வேண்டும்.

தீனி விஷயத்தில் சத்தான தானியம் அள்ளிப்போட்டால் சூடேறும் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. ஆனால் சூட்டைத் தருவது நார்தான். குதிரையின் பின்குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துச் செரிக்கின்றன. அந்த வேலையில் இடைவிடாமல் வெப்பம் பிறக்கிறது. வயிற்றுக்குள் எரியும் அடுப்பு அது, காய்ந்த புல்தான் விறகு. 200 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 கிலோ புல் வேண்டும். இரவு கடுங்குளிர் என்று வானிலை அறிக்கை சொன்னால் மாலையிலேயே இன்னொரு கை அதிகம் போட்டுவிடுவார்கள். புல்லை ஒரே இடத்தில் குவிக்காமல் நாலைந்து இடமாகப் பிரித்துப் போடுவதும் வழக்கம். பலமுள்ளது பலவீனமானதை விரட்டினாலும் எல்லாவற்றுக்கும் வாய்க்கு எட்டும்.

இந்தப் பருவத்தில் கண்ணை நம்பக் கூடாது. அடர்ந்த மயிர் எலும்பை மறைத்துவிடும்; உருண்டு திரண்டதுபோல் நிற்கும் குதிரை உள்ளே எலும்புக்கூடாக இருக்கலாம். கையுறையைக் கழற்றிவிட்டு, விரல்களை மயிருக்குள் தோல் வரை விட்டு விலாவை அழுத்தித் தடவ வேண்டும். லேசாக அழுத்தினால் எலும்பு வரிசை தட்டுப்பட வேண்டும். துருத்தவும் கூடாது, தேடவும் கூடாது. இதை வாரம் ஒருமுறை செய்வது நல்லது. குளிர் முடியும்போது ஷெட்லாந்து கொஞ்சம் இளைத்திருந்தால் கவலைப்பட வேண்டாம் என்றும் சொல்வேன். குளிர்காலத்தில் இளைத்து, கோடையில் தேறுவது அதன் இயல்பு. கொழுத்த உடம்போடு வசந்தகாலத்து இளம்புல்லில் இறங்கும் குதிரைக்குக் குளம்புக்குள் வீக்கம் கண்டு, நடக்க முடியாமல் போகும். வெயிலடிக்கும் உறைபனிக் காலையிலும் அதே ஆபத்து உண்டு: புல் வெயிலில் சர்க்கரையைத் தயாரிக்கிறது, குளிரில் வளர முடியாததால் அதைச் செலவழிக்காமல் சேர்த்துவைக்கிறது. முன்பு இந்த நோய் கண்ட குதிரையைப் பனி விலகும்வரை மேயவிட மாட்டார்கள்.

குளிர்காலம் என்று குளம்பை விட்டுவிட முடியாது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வந்து செதுக்கியாக வேண்டும். லாடம் கட்டிய குதிரையின் குளம்புக்கு அடியில் பனி உருண்டு கட்டியாகி, அது உயரச் செருப்பு போட்டதுபோல் தடுமாறும். ஷெட்லாந்துக்குப் பெரும்பாலும் லாடமே கட்டுவதில்லை. கதவோரச் சேற்றில் நின்று நின்று கணுக்காலில் புண் வரும். சேற்றைத் தினமும் கழுவினால் தோல் இன்னும் ஊறித்தான் போகும். காயவிட்டு, காய்ந்த மண்ணைத் தூரிகையால் தட்டிவிடுவதே நல்லது.

இந்தப் பண்ணைகளில் குதிரையோடு வாத்தும் உண்டு; இனி வாத்துகளுக்கு வருவோம். பலரும் வளர்ப்பது காக்கி கேம்பல், நம் ஊர் வாத்துப் பண்ணையாருக்கும் தெரிந்த இனம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் க்ளௌஸ்டர்ஷயரில் அடேல் கேம்பல் என்ற பெண்மணி உருவாக்கியது. பனித்தரையில் வெறுங்காலோடு அது நடப்பதைப் பார்த்தால் நமக்கே கூசும். காலுக்கு இறங்கும் சூடான ரத்தக்குழாயும், ஏறிவரும் குளிர்ந்த ரத்தக்குழாயும் ஒட்டி ஒட்டி ஓடுகின்றன. இறங்கும் ரத்தம் தன் சூட்டை ஏறும் ரத்தத்துக்குக் கொடுத்துவிடும். பாதம் உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும், உடம்போ 41 டிகிரியில் நிற்கும். அப்படியும் கடுங்குளிரில் ஒரே இடத்தில் நிற்க நேர்ந்தால் பாதம் புண்ணாகும். அதனால் தரையில் தடிமனாக வைக்கோல் பரப்புகிறார்கள். வாத்து அதில் உட்கார்ந்து காலை இறகுக்குள் இழுத்துக்கொள்ளும்.

குளம் உறைந்துவிட்டதே, நீந்த வழியில்லையே என்று வருந்த வேண்டாம். வாத்துக்கு அன்றாடம் தேவை தலை முழுவதும் முங்கும் ஆழத்துக்குத் தண்ணீர். மூக்குத் துளையையும் கண்ணையும் அதில்தான் கழுவிக்கொள்கிறது. தண்ணீர் இல்லாமல் உலர்தீவனம் தின்றால் தொண்டையில் அடைக்கும். வாலடியில் உள்ள எண்ணெயை எடுத்து இறகில் தடவிக்கொள்ளவும் தண்ணீர் வேண்டும். அது இல்லாவிட்டால் இறகு நனைந்து, அடியிலிருக்கும் தூவி ஊறி, குளிரில் செத்தே போகும். சிக்கல் என்னவென்றால், வைத்த தண்ணீரைச் சில நிமிடங்களில் சேறாக்கி, சுற்றிலும் தெளித்து, கண்ணாடிபோல் வழுக்கும் தரையாக்கிவிடும். ஆகவே தண்ணீர்ப் பாத்திரம் கூண்டுக்குள் கூடாது. வெளியே, சற்றுத் தள்ளி.

கூண்டை இடுக்கில்லாமல் அடைத்துவிடுவது நல்லெண்ணத்தில் செய்யும் தீமை. இரவெல்லாம் வாத்துகள் விடும் மூச்சின் ஈரம் வெளியேற வழியின்றிக் கூரையில் உறைந்து சொட்டும். தலைக்கு மேலே காற்றுத் துளை வேண்டும். வாத்து மேல் நேராகக் காற்று அடிக்கக் கூடாது. சூட்டுக்கு மின்விளக்கு தொங்கவிடுவதை நான் ஏற்க மாட்டேன். வைக்கோல் நிறைந்த மரக்கூண்டில் ஒரு விளக்கு விழுந்தால் தீர்ந்தது கதை. மாலை மூன்றரைக்கு முன்பே எண்ணி உள்ளே அடைக்க வேண்டும். பசித்த நரி உறைந்த குளத்தின் மேலேயே நடந்துவந்துவிடும். தண்ணீர் நடுவே வாத்து பத்திரமாக இருக்கும் என்ற கணக்கு குளிர்காலத்தில் செல்லாது. பகல் குறைவதால் முட்டையும் குறையும். இடுவதைக் காலையிலேயே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே உறைந்து ஓடு வெடித்துவிடும்.

பறவைக் காய்ச்சலையும் மறக்க முடியாது. குளிருக்கு இறங்கும் காட்டுவாத்துகள் வழியாக நோய் பரவுவதால், ஸ்காட்லாந்தில் 2024 செப்டம்பர் 1 முதல் வீட்டில் ஒரே ஒரு வாத்து வைத்திருந்தாலும் அரசிடம் பதிவு செய்வது கட்டாயம்.

நீங்கள் அந்தப் பக்கம் போனால் வேலியோரம் வந்து மூக்கை நீட்டும் மட்டக்குதிரைக்கு ரொட்டியும் ஆப்பிளும் கொடுக்காதீர்கள். அதன் தீனிக் கணக்கு உங்களுக்குத் தெரியாது. பிரியத்தில் கொடுத்தது வயிற்றுவலியாகவோ குளம்பு நோயாகவோ முடியலாம். தொட்டியை மட்டும் எட்டிப் பாருங்கள். தண்ணீர் உறைந்து மூடிக் கிடந்தால், பக்கத்துப் பண்ணை வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள்.