இமயம் தாண்டி வந்த பட்டைத்தலை வாத்து

கரையோரம் புல் மேயும் சாம்பல் நிற வாத்தின் தலையைப் பாருங்கள். வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைக் கடந்து பனிக்காலத்தில் கூந்தன்குளம் வருகிறது.

அந்த உயரத்துக் காற்றில் ஆக்சிஜன் இங்குள்ளதில் ஏறக்குறைய பாதிதான். நாம் நாலடி வைத்தாலே மூச்சு வாங்கும். இதன் ரத்தத்து ஹீமோகுளோபின், சமவெளி வாத்துகளுடையதைவிட ஆக்சிஜனை இறுகப் பற்றும். நுரையீரலும் பெரிது. இறக்கைத் தசைகளில் நுண்ரத்தக்குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. கருவி பொருத்திக் கவனித்தபோது 7,000 மீட்டருக்கு மேலும் பறந்திருக்கிறது. ஆனால் வீம்புக்கு உயரப் பறப்பதில்லை. மலைச்சரிவை ஒட்டியே ஏறி இறங்கிப் போகும். தாழ்வில் காற்று அடர்த்தி, சிறகடிக்கும் பாடு மிச்சம்.

விரட்டினால் இதன் உடலில் கார்ட்டிகோஸ்டீரோன் சுரக்கும். சேமித்த சக்தியைச் சட்டென அவிழ்த்துவிடும் ஹார்மோன் அது. நரியிடமிருந்து தப்ப உதவும்; நாளுக்குப் பத்து முறை கிளப்பிவிட்டால் உடம்பின் கொழுப்பு கரையும். ஊர் திரும்ப அதுதான் கட்டுச்சோறு.

பறவைகள் மிரளக்கூடாதென்று கூந்தன்குளத்தார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. நீங்களும் கைதட்டி எழுப்பாமல், கரையில் நின்றே பாருங்கள்.