எவரெஸ்ட்டிலிருந்து நெய்யூருக்கு!

புரமோஷன், அரியர்ஸ் என்று சதா கணக்குப் போடும் நண்பரே... சாமர்வெல் கதை தெரியுமா?

இங்கிலீஷ் டாக்டர். 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போனார்; உச்சி எட்டவில்லை. சரி, இந்தியாவையாவது சுற்றிப் பார்ப்போம் என்று கிளம்பியவர், நம்ம நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாசலில் நோயாளிகள் வரிசை. உள்ளே ஒரே ஒரு சர்ஜன்!

லண்டனில் பெரிய ஆஸ்பத்திரி வேலை காத்திருந்தது. 'வேண்டாம்' என்றுவிட்டார். தன்னை மறந்து பிறருக்கு உழைப்பதே கிறிஸ்துவின் வழி என்று நம்பிய மனுஷர். 1924-ல் மறுபடி எவரெஸ்ட். ஆக்ஸிஜன் இல்லாமலே சுமார் 28,000 அடி! இறங்கியதும் நேரே நெய்யூர் வார்டு. இருபது வருஷம் அங்கேதான், பிறகு வேலூர்.

நாமோ, பக்கத்து சீட்காரர் ஒரு ஃபைலை நீட்டினாலே முகம் சுளிக்கிறோம். நாளைக்கு அதைச் சிரித்தபடி வாங்கிப் பாருங்கள். நமக்கு அதுவே எவரெஸ்ட்தான், சார்!