கையடக்கக் கருவியில் காட்டுயிர்ப் பதிவு: லண்டன் காட்டும் வழி

காட்டுயிர்ப் பதிவு ஒன்று பயன்பட வேண்டுமானால் நான்கு விவரங்கள் தேவை: என்ன உயிரினம், எந்த இடம், எந்த நாள், பார்த்தவர் யார். 1858-இல் தோன்றிய லண்டன் இயற்கை வரலாற்றுச் சங்கம் இத்தகைய பதிவுகளைத் திரட்டுவதற்குத் தன் எல்லையை விசித்திரமாக வகுத்துக்கொண்டது. செயின்ட் பால் பேராலயத்திலிருந்து எந்தத் திசையிலும் 20 மைல் வரை அதன் பரப்பு.

நெடுங்காலம் இதற்குப் பென்சில், குறிப்பேடு, வரைபடம் ஆகியவையே கருவிகள். பிரிட்டனின் தேசிய வரைபடக் கட்டத்தில் ஆறு இலக்கக் குறியீடு 100 மீட்டர் சதுரத்தையும், எட்டு இலக்கம் 10 மீட்டர் சதுரத்தையும் சுட்டும். அதைப் பதிவர் வரைபடத்தைப் பார்த்துத் தாமே கணித்தார். ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதம் நீக்கிய பிறகுதான் கைக்கருவிகள் களப்பணிக்கு முழுமையாகக் கைகொடுத்தன. ஆனாலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் அடர்ந்த மரங்களின் கீழும் கருவி தடுமாறும். திரையில் எட்டு இலக்கம் தெரிவதாலேயே இடம் அத்தனை துல்லியம் என்று நம்பிவிடக் கூடாது. பிழை எத்தனை மீட்டர் இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சேமிக்கும் செயலியே நல்ல செயலி.

கண்ணுக்கும் காதுக்கும் எட்டாததைக் கருவி காட்டித்தருவது வௌவால் ஆய்வில்தான். மனிதக் காது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். லண்டன் பூங்காக்களில் அந்தி நேரத்தில் பறக்கும் சாதாரண பிப்பிஸ்ட்ரெல் வௌவாலின் குரல் 45 கிலோஹெர்ட்ஸ் அளவில் வலுவாக இருக்கும். சோப்ரானோ பிப்பிஸ்ட்ரெலின் குரல் 55 அளவில். இவ்விரண்டும் வெவ்வேறு இனங்கள் என்பதே 1990-களில்தான் உறுதிப்பட்டது. துப்பு கொடுத்தது இந்தக் குரல் வேறுபாடு. இன்று கைபேசியில் செருகும் மீயொலி ஒலிவாங்கி, குரலை அலைவரிசைப் படமாகத் திரையில் காட்டி இனத்தின் பெயரையும் முன்மொழிகிறது. மையோட்டிஸ் பேரினத்து வௌவால்களின் குரல்கள் மட்டும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் அந்த ஊகத்தை அப்படியே ஏற்க முடியாது. ஒலிக்கோப்பு இருந்தால் நிபுணர் பின்னர் கேட்டுத் திருத்தலாம். வெறும் பெயர் மட்டும் இருந்தால் அதற்கு வழியில்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவர் பதிவு செய்வது எப்படி? தென்னாப்பிரிக்காவில் லூயி லீபன்பெர்க் 1990-களின் பிற்பகுதியில் உருவாக்கிய சைபர்டிராக்கர், தடம் பார்ப்பதில் தேர்ந்தவர்கள் படங்களைத் தொட்டே விலங்குகளைப் பதிவுசெய்ய வழிசெய்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவியியலாளர் முக்கி ஹக்லே, மானுடவியலாளர் ஜெரோம் லூயிஸ் ஆகியோரின் குழு உருவாக்கிய சபெல்லி செயலியும் இவ்வகையே. காங்கோ வனத்தின் உம்பென்ஜெலே வேட்டைச் சமூகத்தினர் அதில் படங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்து திருட்டு வேட்டையைக் குறிக்கலாம். இணையம் இல்லாத காட்டில் தகவல் கருவியிலேயே தங்கியிருந்து, தொடர்பு கிடைத்ததும் செல்லும். எந்தப் படம் எதைக் குறிக்க வேண்டும் என்பதை அம்மக்களோடு கலந்தே முடிவு செய்கிறார்கள். நிரல் எழுதுவதைவிட இதுவே கடினமான வேலை என்று சொல்லலாம்.

கருவி எளிதானதும் பதிவுகள் குவிந்தன. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. ரிச்மண்ட் பூங்கா போல ஆள் நடமாட்டம் மிகுந்த இடங்களில் புள்ளிகள் நெருக்கமாக விழும். பிற இடங்களில் வெற்றிடம் தெரிந்தால் அங்கே உயிரினம் இல்லை என்று பொருளாகாது, போய்ப் பார்த்தவர் இல்லாமலும் இருக்கலாம். அதனால்தான் எத்தனை நேரம் நடந்தார், கண்ட எல்லாவற்றையும் எழுதினாரா என்பதையும் பறவைச் செயலிகள் கேட்கின்றன. பெரும்பாலோர் சலிப்போடு தாண்டிச் செல்லும் இந்தக் கேள்விகள்தான் ஆய்வாளருக்கு மிக முக்கியமானவை.

லண்டனின் பதிவுகள் பெருலண்டன் பசுமைவெளித் தகவல் மையத்தில் சேர்கின்றன. கட்டட அனுமதி கோருவோருக்கும் திட்டமிடுவோருக்கும் அங்கிருந்து தகவல் செல்கிறது. எல்லாமே எல்லோருக்கும் திறந்துவிடப்படுவதில்லை. பேட்ஜர் விலங்கின் வளைகளுக்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது என்றாலும் அவற்றைத் தோண்டிக் கொல்வோர் இன்னும் உண்டு. ஆகவே கருவி மீட்டர் கணக்கில் குறித்த இடத்தை, பொதுவில் வெளியிடும்போது பெரிய சதுரமாக மழுங்கடித்தே காட்டுவது வழக்கம்.