டர்போவை எவ்வளவு ஏற்றலாம், தம்பி?

டீ வருவதற்குள் உன் கேள்வியை நேராக்கிக்கொள்வோம். கம்பெனி பிஸ்டனை மாற்றாமல் டர்போவை எத்தனை பார் வரைக்கும் ஏற்றலாம் என்று கேட்கிறாய். கம்பத்தில் டீசல் கார் வைத்திருக்கிற இளவட்டம் பலரும் கேட்பதுதான். இதற்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்கிறவனிடம் வண்டியை விடாதே. பூஸ்ட் மீட்டர் காட்டுவது இன்ஜினுக்குள் நுழைகிற காற்றின் அழுத்தத்தை மட்டும்தான். எரிந்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

பழைய ஸ்விஃப்ட் டீசலை எடுத்துக்கொள். 1248 சிசி, சிலிண்டரின் குறுக்களவு 69.6 மில்லிமீட்டர். பிஸ்டன் உள்ளங்கையில் அடங்கிவிடும். டர்போ இல்லாத டீசல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வந்து காற்றை நசுக்கி முடிக்கும்போது அழுத்தம் ஏறக்குறைய 45, 50 பார் இருக்கும். டர்போ 1 பார் கூட்டிக் கொடுத்தால், இன்ஜெக்டர் ஒரு சொட்டு டீசல் தெளிப்பதற்கு முன்பே அது 90ஐத் தாண்டப் பார்க்கும். எரிந்ததும் 150 பார் என்று வைத்துக்கொள். அந்தச் சின்ன வட்டத்தின் தலையில் இறங்குகிற பாரம் கிட்டத்தட்ட 5,800 கிலோ. 2,000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு பிஸ்டனும் நிமிடத்துக்கு 1,000 தடவை இந்த அடியை வாங்குகிறது.

வாங்குவது அலுமினியம். சுமார் 12 சதவீதம் சிலிக்கான் கலந்து வார்த்தது. 570, 580 டிகிரியில் உருகத் தொடங்கும். ஆனால் உருகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, 250 டிகிரியிலேயே பாதிக்கு மேல் வலு போய்விடும். நன்றாக ஓடுகிற டீசல் இன்ஜினிலேயே பிஸ்டனின் தலை அந்தச் சூட்டில்தான் இருக்கிறது என்பதைக் கவனி. அதனால்தான் டீசல் பிஸ்டனில் மேல் ரிங் உட்காரும் பள்ளத்துக்கு மட்டும் இரும்பு வளையம் ஒன்றை உள்ளே வைத்து வார்க்கிறார்கள், அடியிலிருந்து ஆயிலைப் பீய்ச்சிக் குளிரவைக்கிறார்கள். சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949லிருந்து இருக்கிறது. பிஸ்டன் என்பது நமக்கு இறக்குமதி மர்மம் ஒன்றுமில்லை. கையில் கிடைத்தால் திருப்பித் திருப்பிப் பார், தலைக்கும் முதல் ரிங்குக்கும் நடுவே எவ்வளவு கொஞ்சம் உலோகம் இருக்கிறதென்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அதே 1248 சிசி இன்ஜினை மாருதி இரண்டு விதமாக விற்றது. ஸ்விஃப்டில் 75 குதிரைசக்தி, 190 நியூட்டன் மீட்டர். எஸ்எக்ஸ்4, எர்டிகாவில் 90 குதிரைசக்தி, 200 நியூட்டன் மீட்டர். ஸ்விஃப்டில் டர்போ சாதா வகை, இன்டர்கூலரும் கிடையாது. மற்றதில் இறக்கை திரும்புகிற விஜிடி டர்போவும் இன்டர்கூலரும் உண்டு. குதிரைசக்தி 15 கூடியது, முறுக்குவிசை பத்தே பத்துதான் கூடியது. பிஸ்டன் தலையில் விழும் அடியைச் சொல்வது முறுக்குவிசைதான். ஆக கம்பெனிக்காரன் அடியின் கனத்தைப் பெரிதாகக் கூட்டாமல், மேல் ஆர்பிஎம்மிலும் காற்றுக் குறையாமல் பார்த்துக்கொண்டு அந்த 15ஐ எடுத்திருக்கிறான். இன்ஜின் கம்ப்யூட்டரில் ரீமேப் போட்டு 230, 240 நியூட்டன் மீட்டர் தருகிறேன் என்கிறவன் நேரே அடியைக் கூட்டுகிறான், அதுவும் இன்டர்கூலர் இல்லாத வண்டியில்.

இன்டர்கூலருக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், நசுக்கினால் காற்று சூடாகும், அதை இன்ஜினுக்குள் போகும் முன் ஆற்றுவது இன்டர்கூலர்தான். 35 டிகிரி வெயில் காற்றை 1 பார் பூஸ்டுக்கு ஏற்றினால் டர்போவிலிருந்து 130 டிகிரியில் வெளியே வரும். ஒன்றரை பார் என்றால் 165ஐ ஒட்டி. அந்தச் சூட்டின் மேல்தான் டீசல் எரியும் சூடு ஏறுகிறது. டீசல் வண்டியில் வெறும் காற்று கூடுவதால் பிஸ்டன் உருகாது. காற்றுக்கு மிஞ்சி டீசலைக் கொட்டும்போதுதான் உருகுகிறது. சைலன்சரில் கரும்புகை தள்ளுவதை ஊரே கெத்து என்கிறது. அது எரிய இடமில்லாமல் போன டீசல், தம்பி.

பெட்ரோல் வேறு சாதி. அங்கே எதிரி நாக்கிங். பொறி வைத்த இடம் தவிர வேறு மூலையிலும் கலவை தானாக வெடிக்கும். ரிங்குகளுக்கு இடையிலுள்ள மெல்லிய சுவர் உடைந்து விழும். டர்போவே இல்லாமல் வந்த 10க்கு 1 அழுத்த விகித இன்ஜினில் டர்போவைப் புதிதாக மாட்டுகிறவர்கள் அரை பாரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 1983ல் நெல்சன் பிகே ஃபார்முலா 1 பட்டம் வென்ற பிஎம்டபிள்யூ டர்போ இன்ஜினின் பிளாக் சாதாரண காருடையதுதான் என்று யாராவது வாதாடுவார்கள். பிளாக் மட்டும்தான் அப்படி, பிஸ்டன் இல்லை.

நம்மூருக்குத் தனிக் கணக்கு ஒன்று உண்டு. தேனி பைபாஸில் லாரியை முந்தும்போது முழு பூஸ்ட் சில விநாடிதான். டைனோ மேடையில் வண்டியை ஓட்டிச் சக்தியை அளந்து காட்டுவதும் அவ்வளவே. லோயர் கேம்ப் தாண்டிக் குமுளிக்கோ, இந்தப் பக்கம் கம்பம்மெட்டுக்கோ ஏறும்போது ஆள், சாமான் நிறைத்துக்கொண்டு செகண்ட் கியரில் ஊர்ந்துகொண்டே போகிறாய். தோசைக்கல்லில் விரல் பட்டதும் எடுப்பது வேறு, வைத்தபடியே இருப்பது வேறு. வண்டி மெதுவாகப் போவதால் எதிர்க்காற்றும் குறைவு, இன்டர்கூலர் பாதி வேலைதான் பார்க்கும். குமுளி சுமார் 900 மீட்டர் உயரம். அங்கே காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். அதே பூஸ்டைப் பிடிக்க டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி, காற்றை இன்னும் சூடாக்கித் தரும். சூடு ஏற ஏற ரிங் விரியும். அதன் இரு முனைகளுக்கு நடுவே விட்ட இடைவெளி மூடிவிட்டால் ரிங் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும், பிஸ்டனின் பக்கச் சுவர் பெயர்ந்து வரும். கழற்றிப் பார்த்தால் பிஸ்டனின் மேல் ஓரம் அரித்திருக்கும், அலுமினியம் சிலிண்டர் சுவரில் பட்டையாக அப்பியிருக்கும்.

கட்டாயம் ஏற்றத்தான் போகிறாய் என்றால் என் கணக்கு இது: இன்டர்கூலர் உள்ள டீசலில் கம்பெனி பூஸ்டுக்கு மேல் 0.2 பார், அதற்கு மேல் வேண்டாம். டர்போவுக்கு முன்னால் புகைச்சூடு அளக்கும் மீட்டர் ஒன்று மாட்டு. ஏற்றத்தில் அது 700 டிகிரியைத் தொட்டால் காலை எடு. இன்டர்கூலர் இல்லாவிட்டால் தொடவே தொடாதே.

விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் மட்டும் இந்த வேலை எதுவும் வேண்டாம். மலையில் இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு வேக்குவம் தருகிற பம்பும் நின்றுவிடும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும், உள்ளே பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். உன் சொந்தக் காரில் என்ன வேண்டுமானாலும் சோதித்துப் பார், கூலிக்குப் போகிறவர்கள் ஏறுகிற வண்டியைக் கம்பெனி கொடுத்தபடியே விட்டுவிடு.