கண்ணாடித் தட்டில் செத்தால் போதுமா?

லண்டன் குட்மேய்ஸ் ஹை ரோட்டு ஈழத்தமிழர் கடையில் மசாலா அடுக்குக்குக் கீழே விரலளவுக் குப்பி ஒன்று இருக்கும். எங்கள் பக்கம் கிராம்புத் தைலம். அவர்களுக்குக் கராம்பு எண்ணெய். பல்லுக் கொதி என்று போய் நின்றால், "பஞ்சில ஒரு துளி விட்டு வையுங்கோ, காலமை டொக்டரிட்டப் போங்கோ" என்பார் கடைக்கார அக்கா. அவர் சொன்னதன் இரண்டாம் பாதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

முதல் பாதியிலும் சரக்கு இருக்கிறது. கிராம்பில் உள்ள யூஜினால் நரம்பை மரத்துப்போகச் செய்யும். பாக்டீரியாவின் மேலுறையைக் குலைக்கும். அதைத் துத்தநாக ஆக்சைடு பொடியோடு குழைத்துப் பல் மருத்துவர்கள் தற்காலிகமாகக் குழி அடைக்கிறார்கள். பல் கிளினிக்கில் நுழைந்ததும் மூக்கில் ஏறும் அந்த வாடை கிராம்பு வாடைதான். ஓமத்தின் காரத்துக்குக் காரணமான தைமாலும் அப்படியே. லிஸ்டரின் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்துப் பாருங்கள்.

ஆனால் "வேம்பு பல் கிருமியைக் கொல்கிறது, ஆய்வில் நிரூபணம்" என்று வாட்ஸ்ஆப்பில் வருகிறதே, அந்த ஆய்வு பெரும்பாலும் எப்படி நடக்கிறது? கண்ணாடித் தட்டில் அகார் ஜெல்லி. அதன்மேல் கிருமியைச் சீராகத் தடவி, சிறு குழி வெட்டி, மூலிகைச் சாற்றை விட்டு, 37 டிகிரி சூட்டில் ஒரு நாள் வைப்பார்கள். மறுநாள் தட்டு முழுக்க மங்கலாகக் கிருமி படர்ந்திருக்க, குழியைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் தெரியும். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். சாறு பெரும்பாலும் எத்தனாலிலோ மெத்தனாலிலோ எடுத்தது. சாராயமே கிருமிக்கு ஆகாது. வெறும் கரைப்பானைப் பக்கத்துக் குழியில் விட்டு ஒப்பிடாத ஆய்வை நான் நம்புவதில்லை.

வாய் வேறு உலகம். பற்சொத்தையின் முக்கியக் குற்றவாளி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924-ல் பிரிட்டனின் கிலியன் கிளார்க் அடையாளம் கண்டது. நாம் தின்னும் சர்க்கரையிலிருந்து இது ஒரு பசையைச் செய்து பல்லில் ஒட்டிக்கொள்ளும், மிச்சத்தை அமிலமாக்கும். அமிலநிலையைக் காட்டும் pH 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். பசைப் படலத்துக்குள் பதுங்கிய கிருமியைக் கொல்ல, தனியாகத் திரியும் கிருமிக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு மருந்து வேண்டும். ஊறும் எச்சிலோ விட்ட மருந்தைக் கழுவிக்கொண்டே இருக்கும்.

அதனால் கொல்வதைவிட ஒட்டவிடாமல் தடுப்பது புத்திசாலித்தனம். பச்சைத் தேயிலையின் கேட்டச்சின்கள் அந்தப் பசையைச் செய்யும் நொதியை முடக்குவது ஆய்வுக்கூடங்களில் தெரிந்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் அதிமதுரச் சாற்றில் சர்க்கரையில்லாத குச்சி மிட்டாயே செய்து பார்த்தார்கள். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்கிறோமே, அந்த வேல் கருவேல். வேம்பு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆல், கருவேல் இரண்டிலும் துவர்ப்பு தருவது டானின். அது புரதத்தைப் பற்றிக்கொள்ளும். குச்சி நாரின் உரசல் படலத்தைச் சுரண்டிவிடுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கரையும் எனாமலைத் திரும்பக் கட்ட உதவுவது ஃபுளோரைடு. லண்டன் குழாய்த் தண்ணீரில் அதைச் சேர்ப்பதில்லை. பேஸ்ட்டில்தான் கிடைக்க வேண்டும். பெரியவர்களுக்கு 1350 முதல் 1500 பிபிஎம் இருக்கட்டும் என்கிறது என்எச்எஸ். மூலிகைப் பேஸ்ட்கள் பலவற்றில் அது அறவே இல்லை. இங்கிலாந்தில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முதல் காரணம் சொத்தைப் பல். வேப்பங்குச்சி மெல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பேஸ்ட் வாங்கும்போது ஃபுளோரைடு அளவைப் பாருங்கள்.

வலி வந்து, பதிவான டென்டிஸ்ட் இல்லையென்றால் 111-க்குப் போன் செய்யுங்கள். அவசரச் சிகிச்சைக்கு எங்கே போவது என்று சொல்வார்கள். அந்தக் குப்பியைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கிராம்பு எண்ணெயை விழுங்கிய குழந்தைகளுக்கு ஈரல் செயலிழந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.